கால் பங்கு கூடுதல்

மார்ச் 4, செவ்வாய்.
ஷட்டரின் அகலம் எட்டடி என்று எழுதியிருந்தேன். தவறு. ஷட்டர் ஏறி இறங்க இரண்டு பக்கமும் இரும்புத் தடம் வேண்டும். ஒவ்வொன்றும் மூன்று அங்குலம் தின்னும். ஆகவே உண்மையான திறப்பு ஏழரை அடிதான். வண்டியை மறுபடி அளந்தேன். பக்கக் கண்ணாடிகளோடு ஆறடி நான்கு அங்குலம். நுழைந்துவிடும். ஆனாலும் அளக்காமல் எழுதியது தவறுதான்.

இதை எழுதியவனுக்கு இருபத்து மூன்று வயது. பகலில் மருந்து மொத்தக் கடையின் கிடங்கில் பெட்டிகளை எண்ணிப் பதிவு செய்கிற வேலை. செவ்வாயும் வியாழனும் மாலை ஆறிலிருந்து எட்டு வரை கட்டட மதிப்பீட்டு வகுப்பு. எதையும் இரண்டு முறை எண்ணுவான். இரண்டும் ஒத்துப்போய்விட்டால், ஒரே தப்பை இரண்டு முறை செய்திருப்போமோ என்று மூன்றாவது முறையும் எண்ணுவான். கையில் எந்நேரமும் பென்சில் இருந்ததால் அக்கா அவனுக்குப் பென்சில் என்றே பெயர் வைத்துவிட்டாள். வீட்டில் எல்லோர் வாயிலும் அதுவே நிலைத்துப்போனது.

அக்கா மோட்டார் பழுது பார்க்கிறவள். மொட்டைமாடித் தண்ணீர் மோட்டார், கிணற்று மோட்டார், மில் மோட்டார் எதுவானாலும் அவளிடம் வரும். அடுத்த தெருவில் ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்கு எடுத்து ஆறு வருடமாகத் தொழில் செய்கிறாள். கொட்டகையின் சொந்தக்காரர் போன மாதம் வந்து, "ஏப்ரல் முடியறதுக்குள்ள காலி பண்ணிக் குடும்மா, பையன் கடை வெக்கப்போறான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்துதான் இந்தக் கட்டடப் பேச்சு.

வீட்டின் இடது பக்கம் பதினான்கடி அகலத்தில் ஒரு துண்டு நிலம் சும்மா கிடந்தது. அதில் பன்னிரண்டுக்கு இருபத்து நான்கு அடியில் ஒரு பட்டறை. முன்பாதியில் வண்டி நிற்கும். பின்பாதியில் அக்காவின் வேலை மேசை. மேலே குறுக்காக ஓர் இரும்பு உத்தரம், அதில் சங்கிலிக் கப்பி. அந்தக் கப்பிதான் அக்காவின் கனவு. இப்போது கனமான மோட்டாரைத் தூக்கவேண்டுமென்றால் பக்கத்து டயர் கடையிலிருந்து இரண்டு ஆட்களைக் கூப்பிட வேண்டும். அவர்கள் ஒரு நிமிடத்தில் தூக்கி வைத்துவிட்டு, அதை எப்படிப் பழுது பார்க்க வேண்டும் என்று அரை மணி நேரம் யோசனை சொல்லிவிட்டுப் போவார்கள்.

வண்டி அப்பாவுடையது. சின்னச் சரக்கு வண்டி. இருபது வருடம் அதில் சுமை ஏற்றிப் பிள்ளைகளை வளர்த்தார். முழங்கால் தேய்ந்த பிறகு சாவியை மகளிடம் கொடுத்துவிட்டார். அந்த வண்டி இல்லாவிட்டால் அக்காவின் தொழிலில் பாதி இல்லை. கெட்டுப்போன மோட்டார் தானாக நடந்து பட்டறைக்கு வராது.

இனி அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் நல்ல மனிதர். கஞ்சன் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் எந்த எண்ணைச் சொன்னாலும் அதில் ஐந்தில் ஒன்றை வெட்டாமல் அவரால் கேட்டுக்கொள்ள முடியாது. சுமைக்கூலிக்குப் பேரம் பேசிப் பேசி வந்த பழக்கம், ஊறிப்போய்விட்டது. பள்ளிச் சுற்றுலாவுக்கு ஐந்நூறு என்றால், "நானூறுக்கு என்ன காட்டறாங்களோ அத மட்டும் பாத்துட்டு வா" என்பார். வைத்தியர் ஐந்து நாள் ஓய்வு சொன்னால் நான்காம் நாள் எழுந்து நிற்பார். அம்மா பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளர், அளவுகளோடு பழகியவள். கல்யாணமான இரண்டாம் வருடமே மருந்து கண்டுபிடித்துவிட்டாள். ஒரு கிலோ எது வேண்டுமென்றாலும் ஒன்றேகால் கிலோ என்பாள். சரியாக ஒரு கிலோ வரும். ஐந்தில் ஒன்று போகிற இடத்தில் கால் பங்கு கூட்ட வேண்டும் என்ற கணக்கைப் பென்சில் பள்ளியில் கற்கவில்லை. வீட்டில் கற்றான்.

ஆனால் இந்த முறை அக்கா முன்கூட்டியே கறாராக இருந்தாள்.

"இங்க பாரு பென்சில். இது அரிசி பருப்பு இல்ல. வகுப்புல உனக்குச் சொல்லிக்குடுத்த மாதிரி நேரா எழுது. ஏத்தி எழுதாத. அப்பாகிட்ட நான் பேசிக்கறேன், வெட்டக் கூடாதுன்னு."

"கேப்பாரா?"

"என் தொழில் விஷயம். கேப்பார். நீ ஒழுங்கா எழுதுவியா, அத சொல்லு."

"எழுதறேன்கா."

சொன்னான். செய்யவும் செய்தான். செங்கல், சிமெண்ட், மணல், இரும்பு, கூரைத் தகடு, ஷட்டர், கொத்தனார் கூலி, மின்கம்பி, எதிர்பாராச் செலவுக்கு நூற்றுக்கு ஐந்து. கூட்டினால் ஐந்து லட்சத்துப் பத்தொன்பதாயிரத்து நானூறு வந்தது. அக்காவின் சேமிப்பு இரண்டு லட்சத்து நாற்பதாயிரம். கூட்டுறவுச் சங்கக் கடன் மூன்று லட்சம். ஆக, கையில் ஐந்து நாற்பது. அளவெடுத்துத் தைத்த சட்டை போலக் கச்சிதமாகப் பொருந்தியது.

அந்தக் கச்சிதம்தான் அவனைப் பயமுறுத்தியது. வெட்டமாட்டேன் என்று அக்காவிடம் அப்பா வாயால் சொன்னாலும் கை கேட்குமா? ஐந்து பத்தொன்பதில் ஐந்தில் ஒன்றை வெட்டினால் கூரை போய்விடும். போதாததற்குத் தன் கணக்கின் மேலேயே அவனுக்கு நம்பிக்கை இல்லை. செவ்வாய்க்கிழமை வந்த ஷட்டர் தப்பு, இன்னும் எத்தனை ஒளிந்திருக்கிறதோ என்று நோண்டிக்கொண்டே இருந்தது. புதன்கிழமை காலை, வேலைக்குக் கிளம்பும் முன், சுத்தமான தாளில் பிரதி எடுக்கும்போது ஒவ்வொரு வரியிலும் கால் பங்கைக் கூட்டி எழுதினான். மொத்தமாகக் கடைசியில் கூட்டினால் தெரிந்துவிடும் என்று வரிவரியாகக் கலந்தான். ஆறு லட்சத்து நாற்பத்தொன்பதாயிரத்து இருநூற்று ஐம்பது.

அன்று மாலை அப்பா முற்றத்து விளக்கைப் போட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தாளை மேலிருந்து கீழ்வரை படித்தார். அம்மா சுவரில் சாய்ந்து நின்றாள். அக்கா கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். பென்சில் வெட்டு விழுவதற்காகக் காத்திருந்தான். எங்கே விழும்? இரும்பிலா, கூலியிலா?

"ஆறரை" என்றார் அப்பா. தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "சரி."

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "என்ன சரி?"

"சரின்னா சரி. படிச்சுட்டு வந்து எழுதியிருக்கான். அதுல நான் என்ன வெட்டறது? ஒண்ணு பத்து குறையுது. அதுக்கு வழி பண்றேன்."

கல்யாணமாகி முப்பது வருடத்தில் அம்மா இப்படி ஒரு வாக்கியத்தைக் கேட்டதில்லை. உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். அக்கா தம்பியின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். சந்தோஷத்தில் வைத்ததுதான், அவனுக்கோ திருடன் முதுகில் விழுந்த அடி மாதிரி இருந்தது.

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. அப்பா தாளை வைத்த பையை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார். மகன் எழுதிய கணக்கு அங்கே இருக்கிறதா என்று பார்த்த மாதிரி. அதைப் பார்த்ததும் சொல்ல வந்ததை மென்று விழுங்கிவிட்டான்.

வியாழக்கிழமை வகுப்பில் அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடைசியில் கையைத் தூக்கினான்.

"எதிர்பாராச் செலவுக்கு இருபத்தஞ்சு சதவீதம் போடலாமா?"

ஆசிரியை பதில் சொல்வதற்குள் பின்வரிசைக்காரன் ஒருவன் முந்திக்கொண்டான். "அதெல்லாம் ஒப்பந்தக்காரர் ஆன பிறகு போடறது, தலைவரே. இப்பவே பழகாதீங்க." வகுப்பு சிரித்தது. ஆசிரியை, "அஞ்சு. மிஞ்சிப்போனா பத்து" என்று சொல்லிவிட்டுப் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்தபோது வாசலில் ஒரு ஆள் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். விசேஷங்களுக்கு நாற்காலி மேசை வாடகைக்கு விடுகிறவர். தெருவில் எல்லோருக்கும் நாற்காலிக்காரர். குனிந்து அடியில் பார்த்தார். கதவைத் திறந்து மூடிச் சத்தத்தைக் கேட்டார். பிறகு அப்பாவின் கையில் பத்தாயிரம் முன்பணம் கொடுத்துவிட்டு, "சனிக்கிழமை பன்னெண்டு மணிக்கு மீதி ஒண்ணு முப்பதோட வந்து எடுத்துக்கறேன், டிரைவர்" என்று கிளம்பினார்.

பென்சில் வகுப்புப் பையைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"வண்டியவா விக்கறீங்க?" என்றாள் அம்மா. "கண்ண வித்துச் சித்திரம் வாங்கின கதையால்ல இருக்கு! வண்டி நிறுத்தத்தானே அந்தக் கட்டடமே?"

"பாதிதான் வண்டிக்கு. மீதிப் பாதி அவ தொழிலுக்கு. கொட்டக முக்கியமா, வண்டி முக்கியமா? ஏப்ரலுக்கு மேல அவ எங்க உக்காந்து வேல பாப்பா, நடுத்தெருவிலயா? வண்டி வேணும்னா வாடகைக்கு எடுத்துக்கலாம். பட்டறைய வாடகைக்கு எடுத்துத்தானே இப்படி நிக்கறோம்."

"இவன் கணக்கு ஆறரைன்னா ஆறரைதான்" என்று கடைசியாகச் சேர்த்தார். "அதுல கை வெக்க மாட்டேன்னு இவகிட்ட வாக்குக் குடுத்தேன்."

அக்கா பழந்துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். கையில் அழுக்கே இல்லை.

அன்று அவன் நாட்குறிப்பில் தேதியை மட்டும் எழுதினான். வேறு ஒன்றும் எழுத வரவில்லை.

கால் பங்கைக் கூட்டி எழுதினேன் என்று சொல்வது அத்தனை கடினமா? சொல்வது கடினமில்லை. சொன்ன பிறகு என்ன ஆகும் என்பதுதான் அவனைக் குடைந்தது. ஐந்து பத்தொன்பது போதும் என்று சொல்லி வண்டியை நிறுத்திவிடலாம். பிறகு அந்தக் கணக்கே தப்பாகி, சுவர் எழும்பிக் கூரைக்குப் பணம் இல்லாமல் நின்று, மழையும் பிடித்துக்கொண்டால்? அக்காவின் மோட்டார்கள் எல்லாம் நனையும். கூட்டி எழுதிய கால் பங்கு ஒருவகையில் முன்ஜாக்கிரதைதானே? பொய் என்று ஏன் நினைக்க வேண்டும்? இப்படித் தனக்குத்தானே வக்கீலாக வாதாடினான். தீர்ப்புச் சொல்லும் நேரம் வரும்போதெல்லாம் எழுந்து நடந்தான்.

வெள்ளிக்கிழமை மதியம் சாப்பிடாமல் கடைகளுக்கு ஓடினான். இரும்புக் கடையில் உத்தரத்தின் விலையைக் கேட்டான். தகட்டுக் கடையில் கேட்டான். செங்கல் கிடங்கில் கேட்டபோது அங்கிருந்தவர் பேரேட்டிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"தம்பி, திங்கக்கிழமதானே வந்து கேட்டீங்க?"

"ஆமா. மாறியிருக்குமோன்னு..."

"நாலு நாள்ல செங்கல் என்ன வளரவா செய்யும்? அதே விலைதான். சீட்டுல எழுதி வேணா தரவா?"

"எழுதிக் குடுங்க."

அவர் சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார். எல்லாம் அதே விலை. மருந்துக் கிடங்குக்குத் திரும்பி, பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து மறுபடி கூட்டினான். ஐந்து பத்தொன்பது நானூறு. பிற்பகல் முழுவதும் இருமல் மருந்துப் பெட்டிகளைத் தப்பாக எண்ணினான்; மேலாளர் வந்து, "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மாலை வீட்டுக்குத் திரும்பும்போது கொத்தனார் தெருமுனையில் சைக்கிளை நிறுத்திக்கொண்டு அவனுக்காகக் காத்திருந்தார். முகம் சுருங்கியிருந்தது.

"தம்பி, உங்க அப்பாவுக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கார். ஏன் அண்ணே?"

"நேத்து பாத்தேன். என் கூலி ஒண்ணு பத்து, சரின்னுட்டார். பையில இருந்த கணக்குத் தாளக்கூட எடுத்துப் பாக்கல, பேரமே பேசல. இருபது வருஷமா தெரியும் அவர. மதில் சுவருக்கு ரெண்டாயிரத்துக்காக ரெண்டு மணி நேரம் சண்ட போட்ட மனுஷன்! எனக்கு ராத்திரி தூக்கமே வரல."

"நல்லதுதானே உங்களுக்கு?"

"என்ன நல்லது? அவர் வெட்டுவார்னு நம்பித்தானே பதினஞ்சாயிரம் ஏத்திச் சொன்னேன். இப்ப அத வாங்கினா உறுத்தும். என் கூலி தொண்ணூத்தஞ்சுதான். நீங்களே பக்குவமா அப்பாகிட்ட சொல்லிடுங்க. நான் சொன்னா, இத்தன வருஷமா எத்தன ஏத்தினேன்னு பழசெல்லாம் கிண்டுவார்."

பென்சில் அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்தச் சுருங்கிய முகத்தை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. காலையில் பல் தேய்க்கும்போது பார்த்த முகம்தான்.

"இன்னொண்ணு" என்றார் கொத்தனார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டே. "பின்பக்கம் வீட்டோட கழிவுநீர்க் குழாய் அந்த நிலத்துக்கு அடியில போகுது. நாலடிக்குக் கீழ இருந்தா பிரச்சின இல்ல. மேலோட்டமா இருந்தா அஸ்திவாரம் தோண்டும்போது அத மாத்திப் போடணும். முப்பது, முப்பத்தஞ்சு பிடிக்கும். அத நான் சேக்கல. தோண்டிப் பாத்தாத்தான் தெரியும்."

கூலியில் பதினைந்து குறைந்தது. குழாயில் முப்பத்தைந்து முளைத்தது. அவன் ஆடிப்போனான். ஓட்டைப் பானையில் ஒரு பக்கம் அடைத்தால் மறுபக்கம் ஒழுகுகிறது. வீட்டுக்கு வந்தபோது அப்பா இல்லை. கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடச் சங்கத்துக்குப் போயிருந்தார். இன்று சொல்ல முடியாது என்று ஒரு நிமிடம் நிம்மதி வந்தது. அந்த நிம்மதியைப் பார்த்து அவனுக்கே வெட்கமாக இருந்தது.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அக்கா வண்டியைக் காலி செய்துகொண்டிருந்தாள். இழுவைக் கயிறு, மோட்டார் உருட்டும் பலகை, ஜாக்கி, முன்பக்க இழுப்பறையிலிருந்து பழைய ரசீதுகள். ஒவ்வொன்றாக எடுத்துச் சுவரோரம் அடுக்கினாள். பென்சில் போய்ப் பக்கத்தில் நின்றான்.

"அந்தப் பலகைய பிடி" என்றாள்.

பிடித்தான். பிடித்தபடியே சொன்னான். "அக்கா, நான் நேரா எழுதல."

"என்ன?"

"ஒவ்வொரு வரியிலயும் கால் பங்கு கூட்டிட்டேன். நிஜக் கணக்கு அஞ்சு பத்தொம்பதுதான்."

அக்கா பலகையின் மறுமுனையை விட்டுவிட்டாள். அது அவன் கால் கட்டைவிரலுக்கு அரை அங்குலம் தள்ளி விழுந்தது.

"என்கிட்ட என்னடா சொன்ன?"

"நேரா எழுதறேன்னு."

"அந்த மனுஷன் வாழ்க்கையில மொத தடவ வாயையும் கையையும் கட்டிட்டு உக்காந்தார். நீ எழுத மட்டும்தான் வேண்டியிருந்துது. அதுகூட முடியலையா?"

"பயமா இருந்துது அக்கா. தப்பாயிடுமோன்னு."

"இப்ப தப்பாகலையா?" அவள் குரல் உடைந்தது, அடுத்த நொடியே நிமிர்ந்தது. "இந்த வண்டி இல்லாம நான் ஒரு மோட்டார் எடுக்கணும்னா, வாடக வண்டிக்காரன் மனசு வெக்கணும். பட்டறைக்குள்ள கப்பி தொங்கும், தூக்கறதுக்கு மோட்டார் வராது. புதன்கிழமையிலேருந்து இத நெஞ்சில வெச்சுக்கிட்டு என் கூடவே உக்காந்து சாப்பிட்டிருக்க!"

"நீ அப்பாகிட்ட சொல்றியா?"

"நான் எதுக்குச் சொல்லணும்? எழுதின கை எதுவோ அதுக்கு மேல இருக்கற வாய் சொல்லட்டும். பன்னெண்டு மணிக்கு வர்றார் அவர். போ."

பன்னிரண்டு மணிக்கு வருகிறவர் பதினொன்றுக்கே வந்துவிட்டார். பென்சில் முற்றத்துக்குள் போனபோது அப்பாவும் நாற்காலிக்காரரும் மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ரப்பர் பட்டை போட்ட நோட்டுக் கட்டுகள். வண்டியின் சாவி அப்பாவின் கைக்கடியில் இருந்தது.

"அப்பா, ஒரு நிமிஷம்."

"எண்ணிட்டு இருக்கோம். அப்புறம் வா."

"எண்ண வேண்டாம்பா."

அப்பா எச்சில் தொட்ட விரலோடு நிமிர்ந்தார்.

"கணக்கு தப்பு" என்றான்.

"எந்த வரி?"

"எல்லா வரியும். கால் பங்கு கூட்டி எழுதியிருக்கேன்."

"ஏன்?"

"நீங்க வெட்டுவீங்கன்னு."

"நான் வெட்டலையே."

"அதான்பா."

நாற்காலிக்காரர் முதலில் இவனைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். அப்பாவின் தலை குனிந்தது, காது மெல்லச் சிவந்தது. வெளியாள் முன்னால் அவர் அப்படித் தலைகுனிந்து அவன் பார்த்ததில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று தோன்றியது.

அவர் சட்டைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து, மேசைமேல் பிரித்து வைத்தார். மடிப்புகளை உள்ளங்கையால் தேய்த்தார். "சங்கத்துல செயலாளர்கிட்ட காட்டினேன் இத" என்றார் தாளைப் பார்த்தபடியே. "என் பையன் போட்டதுன்னு."

கதவோரம் நின்ற அம்மாவுக்குத் தாங்கவில்லை. "அவன மட்டும் சொல்லி என்ன? ஒண்ணேகால்னு சொல்லாம இந்த வீட்டுக்குள்ள ஒரு கிலோ எப்ப வந்திருக்கு? எல்லாரும் சேந்துதான் அவன அப்படிப் பழக்கினோம்."

"நீயுமா?" என்றார் அப்பா.

"முப்பது வருஷமா!"

"உங்க வீட்டுக் கணக்க அப்புறம் தீத்துக்குங்க" என்று நாற்காலிக்காரர் குறுக்கே விழுந்தார். "வாக்குக் குடுத்து முன்பணம் வாங்கியிருக்கீங்க, டிரைவர். நாளைக்கு நானூறு நாற்காலி போகணும். வண்டி இல்லேன்னா நான் தலையில தூக்கிட்டா போறது?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அப்பாவின் கை சாவியின் மேலேயே கிடந்தது. கொடுக்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை. கொடுத்த வாக்கு ஒரு பக்கம். பெண்ணின் பிழைப்பு ஒரு பக்கம்.

வாசலிலிருந்து அக்கா குரல் கொடுத்தாள். "நாளைக்கு நானே ஓட்டிட்டு வர்றேன், அண்ணே. ஏத்தி இறக்கறதுக்கும் கூட நிக்கறேன். கூலி வேண்டாம். டீசல் மட்டும் போட்டுக்குங்க."

"ஒரு நாள் வேல இல்லம்மா இது. அஞ்சு ஞாயித்துக்கிழம புக்கிங் இருக்கு எனக்கு. அஞ்சுக்கும் வரணும்."

"நாலு" என்றார் அப்பா.

வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் அவருக்கே தெரிந்தது. அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். நாற்காலிக்காரர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். பிறகு நோட்டுக் கட்டுகளை ஒவ்வொன்றாகப் பைக்குள் போட்டார்.

"சரி, நாலு. முன்பணத்தக் குடுங்க. நாளைக்கு அஞ்சு மணிக்கு வண்டி என் வாசல்ல நிக்கணும். அஞ்சுன்னா அஞ்சு. அதையும் நாலாக்கி வந்து எழுப்பிடாதீங்க."

அவர் போன பிறகும் பென்சில் நின்ற இடத்திலேயே நின்றான். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான். அப்பா கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதெல்லாம் இருக்கட்டும். இப்ப சொல்லு. நிஜமா எவ்வளவு?"

"அஞ்சு பத்தொம்பது நானூறு. கொத்தனார் பதினஞ்சு குறைச்சுக்கறேன்னார். அஞ்சு நாலு நானூறு."

"அவனுமா?" அப்பா பெருமூச்சு விட்டார். "அதுக்குள்ள முடியுமா?"

"முடியும்னு நினைக்கறேன்."

"நினைக்கறியா, தெரியுமா?"

தெரியும் என்று சொன்னால் அவர் மனம் குளிரும். அது அவனுக்குத் தெரிந்தது. "தெரியாதுப்பா. முப்பத்தஞ்சாயிரத்து அறுநூறு கையில மிஞ்சும். ஆனா அடியில கழிவுநீர்க் குழாய் போகுது. மேலோட்டமா இருந்தா முப்பத்தஞ்சு அதுக்கே போயிடும். அப்புறம் கையில ஒண்ணும் இருக்காது. இதுக்கு மேல கூட்டி எழுதறதுக்கு ஒண்ணுமில்ல, கொறைச்சு எழுதறதுக்கும் ஒண்ணுமில்ல."

அப்பா அவனைப் பார்த்தார். நம்பினாரா என்று முகத்தில் தெரியவில்லை. பிறகு எதிர் நாற்காலியைக் காலால் தள்ளினார்.

"உக்காரு. மொத வரியிலேருந்து படி. ஒவ்வொண்ணுக்கும் நிஜ விலைய பக்கத்துல எழுது. நான் கேப்பேன்."

கேட்டார். வெட்டவில்லை, கேட்டார். செங்கல் எத்தனை, ஏன் அத்தனை? அந்தச் சீட்டு யார் எழுதிக் கொடுத்தது? வண்டி உள்ளே நின்றால் ஓட்டுநர் பக்கத்துக் கதவு திறக்க எவ்வளவு இடம்? மூன்றடி என்றான் பென்சில். முழங்கால் மடங்காதவனுக்கு மூன்றடி வேண்டும்தான் என்று அப்பா ஒப்புக்கொண்டார். சில கேள்விகளுக்கு அவனிடம் பதில் இல்லை. தெரியாது என்று சொன்னான். சொல்லச் சொல்ல அந்தச் சொல் கொஞ்சம் எளிதாக வந்தது. அக்கா எடுத்து வைத்த சாமான்களையெல்லாம் திரும்ப வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். அவனிடம் பேசவில்லை. பலகையைத் தூக்கும்போது மட்டும், "ஒரு முனையப் பிடி" என்றாள். ஓடிப்போய்ப் பிடித்தான்.

வெயில் இறங்குகிற வரைக்கும் கணக்கு ஓடியது. எழுந்தபோது அப்பா ஒன்றே ஒன்று சொன்னார்: "குழாய் தெரியற வரைக்கும் ஒரு செங்கல்கூட வாங்காத."

மார்ச் 8, சனி.
வண்டி விற்கவில்லை. பட்டறையின் மதிப்பீடு 5,04,400. கையில் 5,40,000. மீதி 35,600. இதில் கழிவுநீர்க் குழாய் சேரவில்லை. அக்கா நாளை அதிகாலையே நாற்காலி ஏற்றப் போகிறாள். அவள் திரும்புவதற்குள் முடித்திருக்க வேண்டும்.
நாளை: காலை ஏழு மணிக்குக் கொத்தனாரோடு, பின்சுவரிலிருந்து ஆறடி தள்ளித் தோண்டி, குழாய் எத்தனை அடி ஆழத்தில் போகிறது என்று அளப்பது.